படிப்பை விட்டார்களா, ஊரை விட்டார்களா?

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கூட்டம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் இலவச டியூஷன் நடத்தும் சங்கம் ஒன்று கூட்டியது. செயற்குழுவில் நானும் இருக்கிறேன்... ஒப்புக்குத்தான். பேச்சாளர் வராத நாளில் பேசவும், பரிசு கொடுக்கும் நாளில் பட்டுச்சேலையில் நிற்கவும் ஓர் ஆள் வேண்டுமே!

அன்றைக்கு முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு எங்களுக்குக் கிடைக்கப்போகும் ஆசிரியர்கள் ஒரு நிலையத்துக்குத்தான் போதும். இப்போது இருப்பது இரண்டு. பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, கிள்ளானில் ஒன்று. எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது?

கணேசன் எழுந்தார். சங்கத்தின் செயலாளர், தொழிலால் கணக்காய்வாளர். ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்திடமிருந்து பிடுங்கிச் சங்கத்துக்குக் கொடுக்கும் மனிதர். திரையில் ஒரு படம் போட்டார். இரண்டு தூண்கள். கோலாலம்பூர் என்று எழுதிய தூண் குட்டையாக, சாதுவாக நின்றது. கிள்ளான் என்று எழுதியது அதன் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தது.

படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையாம் அது.

இத்தனை வருடம் கிள்ளானில் வகுப்பு நடத்தியும் பிள்ளைகள் நிற்கவில்லையே, நிற்கிற ஊரிலாவது உழைப்பைப் போடலாமே என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். தூண் பொய் சொல்லுமா என்ன?

ஆட்டியதோடு விட்டேனா? மறுநாள் காலையே உட்கார்ந்து இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதினேன். வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும் - கிள்ளானுக்கு என்னதான் ஆச்சு என்று கேட்டிருந்தேன். பெற்றோர்களைக் கொஞ்சம் திட்டியும் இருந்தேன். நல்லா எழுதியிருக்கீங்க என்று நாலைந்து பேர் வாட்ஸ்அப்பில் கைதட்டியதும் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு போன் வந்தது.

சாலாக் செலாத்தான் வீட்டில், காலையில், பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். பெண் குரல், நிதானமான குரல். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கிராணியாக வேலை செய்வதாகச் சொன்னார். ஆபீஸில் உட்கார்ந்து கடிதம், பதிவு, முத்திரை என்று பார்க்கிறவர். பெயர் லோகேஸ்வரி.

திட்டப்போகிறார் என்று தயாரானேன். திட்டவில்லை.

"நீங்க எழுதுனத படிச்சேன் மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் பிள்ளைங்க எங்க போனாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

படிப்பை விட்டுவிட்டுப் போனார்கள் என்றேன். அது எப்படித் தெரியும் என்றார். கணக்கு இருக்கிறது என்றேன். எப்படி எண்ணினீர்கள் என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

பாருங்கள்... ஓர் ஊரையே குற்றம் சொல்லி எழுதியிருக்கிறேன். எண்ணியது எப்படி என்று எனக்குத் தெரியாது! போனைப் பிடித்தபடி பயத்தங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே இரக்கப்பட்டு, முடிந்தால் ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்றார்.

கணேசனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். கோலாலம்பூர் பள்ளி தன் எண்ணிக்கையைத் தானே கொடுத்ததாம். கிள்ளானில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் முதல் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலையும், ஐந்தாவது வருடம் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் இருந்தவர்களின் பட்டியலையும் வாங்கி, பெயரைப் பெயரோடு பொருத்திப் பார்த்தாராம். இரண்டாவது பட்டியலில் இல்லாத பெயரெல்லாம் படிப்பை விட்டவர்கள்.

சரியாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் பட்டது.

சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். பள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் லோகேஸ்வரி காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான உருவம். பக்கத்து நாற்காலியில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். மேசைமேல் கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று, நீளமான மர ரூலர் ஒன்று.

புத்தகத்தைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை - ரூலரை எடுத்து இடப்பக்க ஓரத்தில் வைத்ததுதான். அங்கேதான் பெயர்கள். பெயரை யாருக்கும் காட்டமாட்டேன், எங்கள் பள்ளி முதல்வரும் அந்த நிபந்தனையில்தான் உங்களைப் பார்க்க அனுமதித்தார் என்றார். நான் பத்திரிகையில் எழுதுகிறவள், என்னிடம் எத்தனையோ பேர் எதையெதையோ காட்டியிருக்கிறார்கள். காட்டக்கூடாததை இத்தனை மரியாதையோடு மறைத்தவர் இவர்தான்.

கணேசன் பட்டியல் வாங்கியது இதே பள்ளியில்தான்; அவர் பொருத்திப் பார்த்த அதே வருடத்துப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. வரியின் மறுகோடியில், இப்போது எங்கே என்று ஒரு குறிப்பு.

ரூலருக்கு வலப்பக்கத்தை விரலால் காட்டிக்கொண்டே போனார். இந்த வரியும், இதற்குக் கீழே உள்ளதும், அதோ அதுவும் புகுமுக வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய் கொஞ்சம் தடுமாறியதால் படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவர்கள். அவர்களுக்குப் பள்ளி ஐந்து வருடமல்ல, ஆறு. கணேசன் ஐந்தாவது வருடம் பட்டியலைப் பார்த்தபோது அவர்கள் எங்கே இருந்தார்கள்?

அதே பள்ளியில், அடுத்த கட்டடத்தில், படிவம் நான்கில் இருந்தார்கள்!

எனக்கு முகம் சுட்டது. காலை மணி அடித்ததும் வரிசையில் நின்று, பை சுமந்து, வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகளைப் படிப்பை விட்டவர்கள் என்று அச்சில் ஏற்றியிருக்கிறேன்.

அடுத்த சில வரிகள் தொழிற்கல்லூரிக்குப் போனவர்கள். வெல்டிங், சமையல், கார் பழுதுபார்ப்பு. படிப்பை விடவில்லை, வேறு படிப்புக்குப் போயிருக்கிறார்கள். அதற்கடுத்து, குடும்பத்தோடு வேறு ஊர் போய் அங்கே படிக்கிறவர்கள்.

கோலாலம்பூர் பள்ளி கொடுத்த எண்ணிக்கையில் இவர்களெல்லாம் எப்படி என்று கேட்டேன். பொதுவாக, பள்ளி மாறியவர்களைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார்கள் என்றார். அதாவது கோலாலம்பூருக்குக் கழித்த கணக்கு, கிள்ளானுக்குக் கழிக்காத கணக்கு. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்திருக்கிறோம். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார், இன்னொருவர் நாற்காலிமேல் நிற்கிறார்... யார் உயரம் என்று நாங்கள் முடிவே செய்துவிட்டோம்.

ஆனால் நான் அசந்துபோனது அதற்கில்லை. ஒரு வரியில், "பூச்சோங் பள்ளி, படிவம் இரண்டு, அங்க சேந்தாச்சு" என்று எழுதியிருந்ததைப் படித்தேன். போய்ச் சேர்ந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போன் பண்ணிக் கேட்டேன்" என்றார்.

இந்தப் பிள்ளைக்கா?

"எல்லாருக்கும்தான்."

சாப்பாடு வந்தது. இலையில் கை வைக்காமல் அவர் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்துப் பதினோரு வருடத்துக்கு முன்னால், படிவம் மூன்று படித்த ஒரு பெண்பிள்ளை அம்மாவோடு ஆபீஸுக்கு வந்தாள். வாடகை வீட்டை மாற்றுகிறார்கள், பூச்சோங் பக்கம் போகிறார்கள். மாற்றல் கடிதம் வேண்டும். லோகேஸ்வரி கடிதத்தைத் தட்டச்சு செய்து, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தார். பதிவேட்டில் பள்ளி மாறினார் என்று எழுதினார். வேலை முடிந்தது. அந்தப் பிள்ளை வாசல்வரை போய்த் திரும்பி வந்து, போயிட்டு வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனதாம்.

ஒன்றரை வருடம் கழித்து, வீட்டுக்குத் திரைச்சீலை வாங்க ஒரு கடைக்குள் நுழைந்திருக்கிறார். துணியை அளந்து வெட்டியது அந்தப் பிள்ளை. பள்ளி நேரம் அது.

எந்தப் பள்ளியிலும் அவள் சேரவில்லை. புது ஊர்ப் பள்ளியில் ஏதோ ஒரு சான்றிதழ் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா இரண்டு தடவை வேலைக்கு லீவு போட்டு அலைந்தார். மூன்றாவது தடவை லீவு கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் அந்தப் பிள்ளையைப் படிக்காதே என்று சொல்லவில்லை. யாரும் கெட்டவர்களில்லை.

லோகேஸ்வரி மறுநாள் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாராம். பள்ளி மாறினார் என்று அவர் கையெழுத்திலேயே அழகாக இருந்தது. கிள்ளான் கணக்கில் அவள் படிப்பை விட்டவள் இல்லை, ஏனென்றால் மாறிப் போய்விட்டாள். பூச்சோங் கணக்கிலும் இல்லை, ஏனென்றால் அங்கே வந்து சேரவே இல்லை.

"ரெண்டு ஊர் கணக்கும் சுத்தமா இருக்கு மேடம். நடுவுல ஒரு பிள்ளைய காணோம். முத்திரை குத்துனது நான்தான்."

அதைச் சொன்னபோது அவர் குரல் மாறவில்லை. என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு அந்தக் கடைக்கு மூன்று தடவை போயிருக்கிறார். அந்தப் பிள்ளை திரும்பி வரச் சம்மதிக்கவில்லை. தன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள், வெட்கமாக இருக்கிறது என்றாளாம்.

அந்த வாரம் இந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கினார் லோகேஸ்வரி. மாற்றல் கடிதம் கொடுத்தால், சரியாக ஒரு மாதம் கழித்து, புதுப் பள்ளியின் ஆபீஸுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன். எங்கள் பிள்ளை ஒன்று வந்து சேர்ந்ததா? வந்தது என்றால் ஒரு குறிப்பு. வரவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு போன். வீட்டில் எடுக்கவில்லை என்றால் அத்தை, மாமா, பக்கத்து வீடு. ஏதாவது தாள் குறைகிறதா, நான் தேடி அனுப்புகிறேன், திரும்ப ஒரு தடவை போய்ப் பாருங்கள்...

ஒன்பது வருடமாக! ஒவ்வொரு பிள்ளைக்கும்!

உங்களை யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் புரியவில்லை. யாரும் சொல்லலையே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ரசம் ஆறுது, சாப்பிடுங்க என்றார்.

நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். கல்வியைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்களை மேடையில் மாலை போட்டு வரவேற்றிருக்கிறேன். அந்த வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் பேசிய ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை.

சரி, நான் செய்த தப்பை நானே சரி செய்கிறேன் என்று பேனாவை எடுத்தேன். உண்மையில் கிள்ளான்தான் நல்ல ஊர், கோலாலம்பூர்தான் கழித்துக் காட்டுகிறது என்று இந்த வாரமே எழுதிவிடுகிறேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் தலையை அசைத்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். அங்கே இன்னொரு பட்டியல். படிவம் ஐந்துப் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் ஆள் மாதக்கணக்கில் வருவதில்லை. கணேசன் பார்த்தபோது பெயர் பொருந்தியதால் படிக்கிறவர்கள் என்று விட்டுவிட்ட பிள்ளைகள். படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதவும் வராதவர்கள்.

"இவங்களையும் சேத்துக்குங்க அக்கா. இல்லன்னா நியாயமில்ல."

மேடம் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடத்தை மறக்கமாட்டேன். தன் பள்ளிக்குச் சாதகமான கணக்கைக் காட்டியவர், பாதகமான கணக்கையும் தானே எடுத்து முன்னால் வைக்கிறார். நான் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே கேட்பேன்?

ஒப்பிடுவது நமக்குப் பிடித்த வேலை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கில் தொடங்கி, பினாங்கு சாப்பாடா ஈப்போ சாப்பாடா என்பதுவரை ஒப்பிட்டுக்கொண்டேதான் இருப்போம். நமக்கு வேண்டியதெல்லாம் யார் ஜெயித்தது என்ற பதில். லோகேஸ்வரிக்கு அந்தப் பதில் தேவையே இல்லை. ஒரு பிள்ளைகூட நடுவில் விழக்கூடாது - அவருக்குக் கணக்கு அதற்குத்தான்.

திங்கட்கிழமை கணேசனைப் போய்ப் பார்த்தேன். தன் படத்துக்காகச் சண்டை போடுவார் என்று பயந்தேன். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் புகுமுக வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, எண்ணத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், யாரை எண்ணுகிறேன் என்று பார்க்கவில்லை என்றார். அவருடைய மகளும் புகுமுக வகுப்பில் படித்தவள்தானாம்.

அன்றைக்கே புதுமுறை ஒன்றை எழுதினார். இரண்டு ஊரிலும் ஒரே வருடம் பள்ளிக்குள் வந்த பிள்ளைகளை மட்டும் எடுப்பது. ஐந்து வருடமில்லை, ஆறு வருடம் பின்தொடர்வது. எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பிள்ளை தொடங்கிய பள்ளியின் பிள்ளைதான். மாறிப்போனேன் என்று தாள் இருந்தால் போதாது, போய்ச் சேர்ந்தது தெரிய வேண்டும். பெயர் இருந்தால் போதாது, ஆள் வர வேண்டும்.

எல்லாம் சரி, கோலாலம்பூருக்கு இந்த விவரத்தை யார் கொடுப்பது? ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு லோகேஸ்வரியா இருக்கிறார்?

இருந்தார்!

எங்களுக்கு எண்ணிக்கை கொடுத்த அதே பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பள்ளியில் ரொஹானா என்று ஒரு மலாய்க்காரக் கிராணி. லோகேஸ்வரி வார்த்தைக்கு வார்த்தை காக் ரொஹானா என்பார், ரொஹானா அக்கா என்று அர்த்தம். பிரிக்பீல்ட்ஸைச் சுற்றி வாடகை ஏற ஏற, குடும்பங்கள் கம்போங் மேடான், பூச்சோங், கிள்ளான் என்று நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். அப்படி வந்த ஒரு பிள்ளைக்காக எட்டு வருடத்துக்கு முன்னால் லோகேஸ்வரி அந்த ஆபீஸைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது, கவலைப்படாதீர்கள் என்றாராம். போனை எடுத்த ரொஹானாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி யாரும் கூப்பிட்டுச் சொன்னதே கிடையாது. அடுத்த வாரமே அவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார்.

எட்டு வருடமாக இரண்டு பேரும் போனிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இரண்டு முதல்வர்களிடமும் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரையும் பிரிக்பீல்ட்ஸுக்கு வரவழைத்தோம். லோகேஸ்வரி முதலில் வந்துவிட்டார். மாடிப்படியில் ஓர் அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஏறி வந்து, வாசலில் நின்று, கூட்டம் இங்கேதானா என்று மலாயில் கேட்டார்.

லோகேஸ்வரி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"காக் ரொஹானா?"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் உயரமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று ஒருவர் சொல்ல, நானும் உன்னை அப்படித்தான் நினைத்தேன் என்று இன்னொருவர் சொல்ல... அந்த அறையில் இருந்த நாங்கள் எல்லாரும், ஏதோ நம் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பதுபோலச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

பெயர்களை நாங்கள் பார்க்கக்கூடாது என்பதால், பக்கத்திலிருந்த சின்ன அறைக்குள் இருவரும் புத்தகங்களோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்து மெல்லிய பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் புத்தகத்தில் காணாமல் போன பிள்ளை அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா? இங்கே போனது அங்கே வந்ததா? நடுநடுவே சிரிப்பு. ஒரு தடவை நீண்ட மௌனம்.

நாங்கள் வெளியே தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் செய்வதற்கில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த நாட்டில் எத்தனை ஊர், எத்தனை பள்ளி... இப்படி இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து கயிறு பிடிக்காவிட்டால், எத்தனை பிள்ளைகள் சத்தமே இல்லாமல் நடுவில் விழுந்துகொண்டிருப்பார்கள்! ஒரு திரையில் தெரியும் தூணுக்குள்ளே இவ்வளவு வீடு, இவ்வளவு லீவு, இவ்வளவு வெட்கம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மத்தியானம் கதவு திறந்தது. எண்ணிக்கைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கணேசன் அங்கேயே உட்கார்ந்து புதுத் தூண்களை வரைந்தார்.

கிள்ளான் தூண் மளமளவென்று இறங்கியிருந்தது. கோலாலம்பூர் தூண் கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன. உண்மையைச் சொல்ல வேண்டும்... கிள்ளான் இன்னமும் ஒரு விரல்கடை உயரம்தான். லோகேஸ்வரி கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிள்ளைகள் இல்லாவிட்டால் அதுவும் இருந்திருக்காது. கணேசன் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவரிடமிருந்து பரவாயில்லை என்பதுபோல ஒரு கையசைப்பு.

கிள்ளான் வகுப்பை மூடுவதைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர்கள் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று மாறி மாறிப் போவதாக முடிவானது. புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மலாய் வகுப்பு வேண்டும் என்று கணேசனே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது லோகேஸ்வரி என்னருகே வந்தார். தாளின் அடியில் தனியாக எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினார். மூன்று பிள்ளைகள். கோலாலம்பூரிலிருந்து மாறிப் போனவர்கள். ரொஹானா முதுகு ஆபரேஷனுக்காக லீவில் இருந்த சமயத்தில் போனவர்கள், அதனால் அவரால் கூப்பிட முடியவில்லை. கிள்ளான் புத்தகத்திலும் இல்லை. எங்குமே இல்லை. அறைக்குள் இருந்த அந்த நீண்ட மௌனம் இந்த மூன்று பேருக்காகத்தான்.

அந்த வாரமே இரண்டு பேரும் தேட ஆரம்பித்தார்கள்.

முதல் பிள்ளை ஜோகூரில் ஒரு தொழிற்கல்லூரியில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கப் படித்துக்கொண்டிருந்தது. எதுக்கு ஆன்டி அழறீங்க என்று ரொஹானாவைக் கேட்டதாம். இரண்டாவது பிள்ளை ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறது. பேசியது, நன்றாகவே பேசியது. ஆனால் படிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. லோகேஸ்வரி கட்டாயப்படுத்தவில்லை. படிப்பை விட்டார் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டார். எப்போது மனசு மாறினாலும் இந்த நம்பருக்குக் கூப்பிடு, நம்பர் மாறாது என்று மட்டும் சொன்னாராம்.

மூன்றாவது பிள்ளைக்குப் போன் எதுவும் கிடைக்கவில்லை. பழைய முகவரி ஒன்றுதான் மிச்சம். போன சனிக்கிழமை நேரிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வாங்க, ஆனால் எழுதக்கூடாது என்றார் லோகேஸ்வரி. எந்த ஊர், எந்த ஃப்ளாட், ஆணா பெண்ணா, உள்ளே என்ன பேசினோம்... எதையும் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ரொஹானாவின் முதுகுக்காக ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினோம்.

எழுதமாட்டேன் என்றால் எழுதமாட்டேன்தான். ஆனால் கெஞ்சிக் கேட்டு, ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தட்டினோம். கதவைத் திறந்தது அந்தப் பிள்ளைதான்.